அரசு வேலைக்கு புதுசா வந்திருக்கீங்களா? எதைப் பேசலாம், எங்க பேசலாம், மெமோ வந்தா என்ன பண்றது

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பாஸ் பண்ணி, கவுன்சிலிங் முடிச்சு, ஆர்டர் வாங்கி ஜாயின் பண்ணின முதல் வாரத்துலயே சீனியர் ஒருத்தர் "தம்பி, கவர்மென்ட் வேலைக்கு வந்துட்ட, இனிமே வாயத் திறக்காத, பேஸ்புக்ல எதையும் போட்டுத் தொலைக்காத"ன்னு சொல்லிடுவார். டீ குடிக்கப் போற இடத்துல இன்னொரு சீனியர் "அதெல்லாம் சும்மா, பர்மனென்ட் ஆளை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னு சொல்வார். ரெண்டு பேரும் பாதி பாதி தான் சரி. பேசற உரிமை உங்களுக்கு இருக்கு, ஆனா எந்த விஷயத்தை, எந்த இடத்துல, எந்த ஹோதாவுல பேசறீங்கங்கறத வெச்சு தான் அது நிக்குமா விழுமான்னு தெரியும். நடவடிக்கைன்னு வந்துட்டா நீங்க சொன்னது நியாயமா இல்லையாங்கறது அப்புறம், கையில என்ன பேப்பர் இருக்குங்கறது தான் முதல். இது தமிழ்நாடு அரசு ஊழியர்களை மனசுல வெச்சு எழுதினது, மத்தவங்களுக்கு எங்க மாறும்னு நடுநடுவுல சொல்லிட்டுப் போறேன்.

முதல்ல நீங்க எந்த ரூலுக்குள்ள இருக்கீங்கன்னு பாருங்க

இதை யாருமே பண்றதில்ல, ஆனா எல்லாமே இங்க இருந்து தான் ஆரம்பிக்குது. தாலுகா ஆபீஸ், பிடிஓ ஆபீஸ், அரசுப் பள்ளி, கருவூலம் மாதிரி இடத்துல இருக்கறவங்களுக்கு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 பொருந்தும். தண்டனை, விசாரணை, அப்பீல் எல்லாம் 1955-ல போட்ட ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகள்ல இருக்கு, ஆபீஸ்ல "டி அண்ட் ஏ ரூல்ஸ்"னு சொல்றது அதைத்தான். பணி நிபந்தனைகளுக்கு 2016-ல தனிச் சட்டமே வந்திருக்கு. போலீஸ்காரங்களுக்கு இதெல்லாம் வேற, அவங்களுக்கு 1966-ல வந்த ஒரு மத்திய சட்டம் சங்கம் சேர்றதையும் பத்திரிகைகிட்ட பேசறதையும் ரொம்பவே கட்டுப்படுத்துது, அரசியல் சாசனத்தோட 33-வது பிரிவுலயே அதுக்கு இடம் கொடுத்திருக்கு. மத்திய அரசு ஆபீஸ்னா சிசிஎஸ் (மத்திய குடிமைப் பணி) விதிகள்.

மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், பேங்க் மாதிரி இடம்னா அந்தந்த நிறுவனத்தோட சர்வீஸ் ரெகுலேஷன் அல்லது நிலையாணை தான். இதுல ஒரு பெரிய வித்தியாசம் என்னன்னா, 311-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கே, விசாரிக்காம டிஸ்மிஸ் பண்ணக்கூடாதுன்னு சொல்றது, அது நேரடி அரசு ஊழியருக்குத் தான், வாரியம் கார்ப்பரேஷன் ஆளுங்களுக்கு நேரடியா கிடையாது. அவங்களுக்குப் பாதுகாப்பே இல்லைன்னு அர்த்தம் இல்ல, தொழிலாளர் சட்டம் வழியா வரும், அந்த நிறுவனத்தோட விதி வழியா வரும், இயற்கை நீதி, அதாவது உங்க தரப்பைக் கேக்காம தண்டிக்கக்கூடாதுங்கறது, எல்லாருக்கும் உண்டு.

அதனால முதல் மாசத்துலயே உங்களுக்குப் பொருந்தற விதிப் புத்தகத்தை பிடிஎஃப்-ஆ ஒண்ணு போன்ல வெச்சுக்கோங்க. ஆபீஸ்ல வாய்வழியா சுத்தற ரூல்ஸ்ல பாதி எந்தப் புத்தகத்துலயும் இல்லாதது.

அடிப்படை உரிமை வாசல்லயே கழட்டி வெக்கிற செருப்பு இல்ல

1962-ல காமேஷ்வர் பிரசாத் வழக்குன்னு ஒண்ணு. பீகார் அரசு நடத்தை விதியில 4-ஏன்னு ஒண்ணு போட்டு, பணி நிபந்தனை சம்பந்தமா எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது, ஸ்ட்ரைக்கும் கூடாதுன்னு சொல்லிருந்தாங்க. அரசு வேலைக்கு வந்ததாலயே ஒருத்தர் அரசியல் சாசனத்தோட 19-வது பிரிவுல இருக்கற பேச்சு, கூட்டம், சங்கம் மாதிரி உரிமைகளை இழந்துட மாட்டார், அமைதியான ஆர்ப்பாட்டத்தையும் சேர்த்து ஒட்டுமொத்தமா தடை பண்றது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. அதே தீர்ப்புல ஸ்ட்ரைக் அடிப்படை உரிமை இல்லைன்னும் சொல்லிருக்கு, சங்கத்துல மேடை ஏறி இந்தத் தீர்ப்பைப் பேசறவங்க அந்தப் பாதியை பெரும்பாலும் விட்டுடுவாங்க. அதே வருஷம் கோஷ் வழக்குல, அரசு அங்கீகாரம் கொடுக்காத சங்கத்துல சேரக்கூடாதுங்கற மத்திய அரசு விதியும் செல்லாதுன்னு ஆச்சு. ஆக சங்கத்துல சேர்றது உங்க உரிமை, எந்த சங்கம்ங்கறதும் உங்க இஷ்டம், யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது தடுக்கவும் முடியாது.

ஆனா அந்த உரிமைக்கு கட்டுப்பாடு போடலாம். நடத்தை விதிகள் அப்படிப்பட்ட கட்டுப்பாடு தான்.

பேசறது, எழுதறது, ஷேர் பண்றது

இதுல தான் புதுசா வர்றவங்க அதிகமா மாட்டறாங்க, அதனால கொஞ்சம் நின்னு பாப்போம்.

அரசோட கொள்கையையோ நடவடிக்கையையோ பொதுவெளியில எதிர்த்து விமர்சனம் பண்ணக்கூடாதுங்கறது எல்லா நடத்தை விதிகள்லயும் ஏதோ ஒரு வடிவத்துல இருக்கும். அந்த விதி எழுதினப்போ பத்திரிகை, ரேடியோவைத் தான் நினைச்சாங்க, இப்போ பேஸ்புக், எக்ஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் அதுக்குள்ள கொண்டு வந்துடறாங்க. லைக் போட்டதுக்கும் பார்வர்ட் பண்ணதுக்கும் விளக்கம் கேட்டு மெமோ போறது சர்வ சாதாரணம்.

கோர்ட் என்ன சொல்லுதுன்னா ரெண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கு, உங்களுக்குப் பிடிச்ச பக்கத்தை மட்டும் படிச்சுட்டு தைரியமா இருந்துடாதீங்க. 2020-ல திரிபுரா ஹைகோர்ட், ரிட்டையர் ஆக சில நாளே இருந்தப்போ சஸ்பெண்ட் ஆன ஒரு அம்மா வழக்குல, அரசு ஊழியருக்கும் கருத்துச் சுதந்திரம் உண்டு, விதிக்கு உட்பட்டு தன் கருத்தை வெச்சுக்கலாம் சொல்லலாம்னு சொல்லி நடவடிக்கையை ரத்து பண்ணுச்சு. அவங்க மேல இருந்த குற்றச்சாட்டு ஒரு அரசியல் கூட்டத்துக்குப் போனதும் ஒரு பேஸ்புக் பதிவும். கூட்டத்துக்குப் போறது வேற, அதுல பங்கெடுக்கறது வேறன்னு அந்தத் தீர்ப்புல பிரிச்சுக் காட்டிருக்காங்க, அது ரொம்ப உபயோகமான பிரிப்பு. 2017-ல கேரளா ஹைகோர்ட் ஒரு பல்கலைக்கழக ஊழியர் வழக்குல ஆரோக்கியமான விமர்சனம் ஒரு பொது நிறுவனத்துக்கு நல்லதுதான்னு சொல்லிருக்கு.

நம்ம ஊர்லயே ஒண்ணு இருக்கு. 2023-ல மதுரை பெஞ்ச், தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருத்தர் பிரைவேட் வாட்ஸ்அப் குரூப்ல மேலதிகாரிகளோட முடிவுகளைக் கிண்டலா விமர்சனம் பண்ணதுக்குக் கொடுத்த சார்ஜ் மெமோவை ரத்து பண்ணுச்சு. நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் சொன்னது என்னன்னா, ஒரு நிறுவனத்துல வேலை பாக்கறவனுக்கு மனக்குறை இருக்கத்தான் செய்யும், அதைக் கொட்டித் தீர்க்கறதுக்கும் உரிமை இருக்கு, வெளிய காபி குடிச்சுக்கிட்டே பேசிருந்தா நிர்வாகம் அதைக் கண்டுக்கிட்டிருக்காது, மூடின குரூப்ல பேசினா மட்டும் ஏன்னு. நிறுவனத்தோட பேர் கெடற அளவுக்குப் போனா தான் நிர்வாகம் உள்ள வரலாம்னும் இருக்கு. ஆனா இதை நம்பி ஆபீஸ் அஃபிஷியல் குரூப்ல, கலெக்டர் ஆபீஸ் பிஏ-வும் இருக்கற குரூப்ல போய் கொட்டினீங்கன்னா அது வேற கணக்கு. பிரைவேட் குரூப்லயும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப ஒரு ஆள் இருப்பான், எல்லா குரூப்லயும் இருப்பான். அந்த ஊழியரும் ஹைகோர்ட் வரைக்கும் போய்த் தான் ஜெயிச்சிருக்கார், அதை மறந்துடாதீங்க.

எதிர்ப்பக்கம், 1998-ல தேவேந்திரப்பா வழக்கு. கர்நாடகாவுல ஒரு அரசுக் கழகத்துல அதிகாரியாவும் சங்கத் தலைவராவும் இருந்தவர், நிர்வாகம் சரியில்லைன்னு கவர்னருக்கு லெட்டர் போட்டார், பத்திரிகைக்கு அறிக்கை விட்டார், டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க. கருத்துச் சுதந்திரம்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார், அங்கயும் தோத்தார். சங்கத் தலைவர் பதவி ஒரு கவசம்னு நினைக்கறவங்க இந்த வழக்கை ஒரு தடவை படிச்சுடணும்.

இதையெல்லாம் வெச்சு நடைமுறைக்கு நான் சொல்றது: உங்க சம்பளம், பென்ஷன், டிரான்ஸ்பர், வேலைச்சுமை பத்தி சங்கம் வழியா பேசறது ஓரளவு பத்திரமான இடம். உங்க டேபிள்ல வந்த பைல்ல இருந்த விஷயத்தை வெளிய பேசறது ரொம்ப ஆபத்தான இடம், அங்க அலுவல் ரகசியச் சட்டம் 1923 வரைக்கும் இழுப்பாங்க. தனிநபரைத் திட்டறது, அது மந்திரியா இருந்தாலும் சூப்பிரண்டா இருந்தாலும், எந்தத் தீர்ப்பும் காப்பாத்தாது. ப்ரொபைல்ல பதவி பேரும் ஆபீஸ் பேரும் போட்டு வெச்சிருந்தீங்கன்னா எடுத்துடுங்க, அடையாள அட்டையோட செல்ஃபியும் வேண்டாம், "இது என் சொந்தக் கருத்து"ன்னு பயோவுல எழுதி வெச்சா போதும்னு நினைக்கறது வீண்.

கதை, கவிதை, விஞ்ஞானக் கட்டுரை எழுதறதுக்கு பொதுவா தடை கிடையாது, நிறைய நல்ல எழுத்தாளர்கள் இதே தாலுகா ஆபீஸ்ல இருந்து தான் வந்திருக்காங்க. ஆனா யூடியூப் சேனல் வெச்சு அதுல விளம்பரப் பணம் வர ஆரம்பிச்சா அதைத் தனியார் தொழில்னு எடுத்துக்குவாங்க, அதுக்கு முன்அனுமதி கேட்டு ஒரு லெட்டர் கொடுத்துட்டு ஆரம்பிங்க. டிஎன்பிஎஸ்சி கோச்சிங் வீடியோ போடற புது ஆட்கள் இதுல நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்குத் தான் சொல்றேன்.

கட்சி, தேர்தல்

இதுல குழப்பமே வேண்டாம். கட்சி உறுப்பினர் ஆகக்கூடாது, பிரச்சாரம் பண்ணக்கூடாது, கட்சிக்கு நிதி வசூல் பண்ணக்கூடாது, போட்டி போடணும்னா ராஜினாமா. ஓட்டுப் போடறது உங்க உரிமை, யாருக்குப் போட்டேன்னு காட்டறது தான் பிரச்சனை. மச்சான் நிக்கறான்னு பூத் ஏஜென்டா போய் உக்காந்துடாதீங்க, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ல 134-ஏ பிரிவுப்படி அரசு ஊழியர் வேட்பாளருக்கு ஏஜென்டா இருந்தா மூணு மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு, அது மெமோவோட முடியற விஷயம் இல்ல. தேர்தல் தேதி அறிவிச்ச அன்னைலேருந்து ரிசல்ட் வர்ற வரைக்கும் போனைக் கொஞ்சம் தூரமா வெச்சுடுங்க.

சங்கம், ஆர்ப்பாட்டம், ஸ்ட்ரைக்

2003 ஜூலை மாசம் நடந்ததை இப்ப வர்ற பசங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. பென்ஷன் மாதிரி சலுகைகளைக் குறைச்சதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் ஸ்ட்ரைக் இறங்கினாங்க, ஜெயலலிதா அரசு 2002-ல கொண்டு வந்த டெஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டத்தை அவசரச் சட்டம் போட்டு இன்னும் இறுக்கி, சுமார் 1.7 லட்சம் பேரை விசாரணையே இல்லாம டிஸ்மிஸ் பண்ணுச்சு. நைட்டோட நைட்டா வீடு புகுந்து கைது. வழக்கு சுப்ரீம் கோர்ட் போச்சு, ரங்கராஜன் வழக்குன்னு பேரு, ஆகஸ்ட் 6-ம் தேதி தீர்ப்பு. ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமையும் இல்ல, சட்ட உரிமையும் இல்ல, தார்மீக உரிமையும் இல்லைன்னு ஒரே அடியா அடிச்சுட்டாங்க. மன்னிப்பு எழுதிக் கொடுத்து, இனிமே பண்ண மாட்டேன்னு உறுதி கொடுத்து தான் பெரும்பாலானவங்க திரும்ப உள்ள வந்தாங்க. தார்மீக உரிமை கூட இல்லைன்னு சொன்னது ரொம்ப அதிகம்னு அன்னைக்கே நிறைய சட்டம் தெரிஞ்சவங்க சொன்னாங்க, எனக்கும் அதே எண்ணம் தான், ஆனா நடத்தை விதியில 22-வது விதி ஸ்ட்ரைக்கைத் தடுக்குது, அந்தத் தீர்ப்பும் கூட நிக்குது, அதை வெச்சுக்கிட்டு தான் நாம கணக்குப் போடணும்.

அதுக்கப்புறமும் ஸ்ட்ரைக் நடந்திருக்கு, 2019 ஜனவரியில ஜாக்டோ-ஜியோங்கற ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பு பழைய பென்ஷன் கேட்டு நடத்தினது மாதிரி. ஒவ்வொரு தடவையும் தலைமைச் செயலாளர்கிட்ட இருந்து சுற்றறிக்கை வரும், அதுல 20, 22, 22-ஏ விதிகளைச் சொல்லிருப்பாங்க, வேலைக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லைன்னு இருக்கும். 17(பி), அதாவது டிஸ்மிஸ் வரைக்கும் போகக்கூடிய சார்ஜ் மெமோ வரைக்கும் போகும். பின்னாடி வாபஸ் வாங்கறதும் நடக்கும், ஆனா அது பேச்சுவார்த்தையில கிடைக்கற சலுகை, உங்க உரிமை இல்ல.

புதுசா வந்தவங்க பண்ண வேண்டியது: ஆபீஸ் நேரத்துக்கு வெளிய, மதிய இடைவேளையில, வெளிய வாசல்ல நடக்கற ஆர்ப்பாட்டத்துல கலந்துக்கலாம், கேட்டுக்குள்ள கோஷம் போடறதுக்கும் ஊர்வலம் போறதுக்கும் தனியா தடை இருக்கு. ஒருநாள் அடையாள ஸ்ட்ரைக்னாலும் லீவ் லெட்டர் கொடுத்துட்டுப் போயிட்டா தப்பிச்சிடலாம்னு நினைக்காதீங்க, அன்னைக்குன்னு எந்த லீவும் சாங்ஷன் பண்ணக்கூடாதுன்னு முன்னாடியே சொல்லிடுவாங்க. ப்ரோபேஷன்ல இருக்கறவங்களுக்குச் சங்கத் தலைவர்களே "நீ வராத, நாங்க பாத்துக்கறோம்"னு சொல்றது உண்டு, சொன்னா கேட்டுக்கோங்க.

வாரியம், கார்ப்பரேஷன், பேங்க்ல தொழிலாளி வகையில வர்றவங்களுக்கு இது மாறும். அவங்களுக்கு நோட்டீஸ் கொடுத்து முறைப்படி ஸ்ட்ரைக் பண்ண வழி இருக்கு. 2025 நவம்பர் 21-ல தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்ததுல இருந்து 14 நாள் நோட்டீஸ் இல்லாம எந்த நிறுவனத்துலயும் இறங்க முடியாது.

ஆபீஸ்ல தப்பு நடக்குது, சொல்லலாமா?

சொல்லலாம், ஆனா வழி முக்கியம். முதல் வழி உரிய வழியா, அதாவது உங்க மேலதிகாரி மூலமா எழுத்துல. அவரே சம்பந்தப்பட்டவர்னா அவருக்கு மேல இருக்கறவருக்கு ஒரு முன்பிரதி அனுப்பறது வழக்கம். லஞ்சம்னா ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம் இருக்கு. எம்எல்ஏ கிட்டயோ மந்திரி பிஏ கிட்டயோ போய் சொல்லி போன் பண்ண வெக்கிறது மட்டும் வேண்டாம், உங்க பணி விஷயத்துக்கு வெளி ஆள் செல்வாக்கைப் பயன்படுத்தறதே ஒரு தனிக் குற்றம், டிரான்ஸ்பருக்கு எல்லாரும் அதைத்தான் பண்றாங்கங்கறது வேற விஷயம். தகவல் சொல்றவரைப் பாதுகாக்க 2014-ல சட்டம் போட்டாங்க, ஆனா அதை அமலுக்குக் கொண்டு வராமலே வெச்சிருக்காங்க, அதனால அதை நம்பி இறங்காதீங்க.

கோர்ட்டுக்குப் போறது தப்பான்னு கேட்டா, இல்ல. ஐஏஎஸ் அதிகாரி விஜய் சங்கர் பாண்டே கருப்புப் பண வழக்குல மனுதாரரா சேர்ந்ததுக்கு நடவடிக்கை எடுத்தாங்க, 2014-ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு, கோர்ட்டை அணுகறது எந்தக் குடிமகனுக்கும் உள்ள உரிமைன்னு.

மெமோ வந்துடுச்சு

சரி, இப்போ விஷயத்துக்கு வருவோம். ஓ.ஏ. (அலுவலக உதவியாளர்) கையில ஒரு கவரோட வந்து கையெழுத்துக் கேக்கறார். வாங்க மாட்டேன்னு சொல்லாதீங்க, வாங்கலைன்னா வீட்டுக் கதவுல ஒட்டிட்டு வாங்கினதா கணக்கு வெச்சுடுவாங்க, மறுத்ததே இன்னொரு குற்றமாவும் ஆகும். வாங்கி, கையெழுத்துக்குக் கீழ தேதியும் நேரமும் போடுங்க. அந்தத் தேதியில இருந்து தான் உங்க நாள் ஓடுது.

அடுத்து அது என்ன மெமோன்னு பாருங்க. வெறும் விளக்கம் கேக்கற மெமோவா, டி அண்ட் ஏ ரூல்ஸ்ல 17(ஏ)வா, 17(பி)யான்னு மேல விதி எண் போட்டிருக்கும். 17(ஏ)ன்னா கண்டனம், இன்க்ரிமென்ட் தள்ளிப்போடறது மாதிரி சின்ன தண்டனைக்கு, பெரும்பாலும் எழுத்து விளக்கத்தோட முடிச்சுடுவாங்க. 17(பி)ன்னா டிஸ்மிஸ் வரைக்கும் போகக்கூடியது, முழு விசாரணை வேணும். சின்னதுதானேன்னு 17(ஏ)வை அலட்சியமா விடாதீங்க, அந்தக் கண்டனம் எஸ்ஆர்ல, அதாவது உங்க பணிப் பதிவேட்டுல ஏறி, ப்ரமோஷன் பேனல் போடற வருஷம் பாத்து வெளிய வந்து நிக்கும்.

17(பி) மெமோவோட குற்றச்சாட்டு, அதுக்கு ஆதாரமான விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் எல்லாம் இணைப்பா இருக்கணும். ஆவணம் பட்டியல்ல மட்டும் இருந்து நகல் கைக்கு வரலைன்னா, பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு லெட்டர் கொடுங்க: இன்ன இன்ன ஆவணத்தோட நகல் வேணும், கிடைச்சதும் இத்தனை நாள்ல பதில் தர்றேன், அதுவரைக்கும் அவகாசம் கொடுங்கன்னு. கொடுக்கலைன்னா அதுவே பின்னாடி உங்க வழக்கோட முதுகெலும்பா நிக்கும், ஆவணம் கொடுக்காம நடத்தின விசாரணையை கோர்ட் நிறைய தடவை தூக்கிப் போட்டிருக்கு. ஆனா கேட்டதுக்கு எழுத்துல ஆதாரம் இருக்கணும், சூப்பிரண்டுகிட்ட வாயால கேட்டேன் சார் அவர் தரலைங்கறது எங்கயும் எடுபடாது. தபால் பிரிவுல கொடுத்து உங்க நகல்ல சீல் போட்டு வாங்குங்க, போட மாட்டேன்னா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வெச்சுக்கோங்க.

பதில்ல என்ன எழுதணும்? குற்றச்சாட்டு ஒண்ணு, ரெண்டுன்னு எப்படி இருக்கோ அதே வரிசையில ஒவ்வொண்ணுக்கும் மறுப்பு. கோபத்துல அதிகாரியோட குடும்பக் கதை எழுதாதீங்க. "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்து அருளவும்"னு ஆபீஸ்ல ஒரு டெம்ப்ளேட் சுத்தும், பக்கத்து சீட்காரர் பாசத்தோட டைப் அடிச்சே கொடுப்பார், அதுல கையெழுத்துப் போட்டா குற்றத்தை ஒத்துக்கிட்டதா எடுத்துக்கிட்டு நேரா தண்டனைக்குப் போயிடலாம். பண்ணாததை ஒத்துக்காதீங்க, அவ்ளோதான்.

நம்ம ஊர் 17(பி)யில இன்னொரு கேள்வி வரும், வாய்மொழி விசாரணை வேணுமா, இல்ல நேர்ல உங்க தரப்பைச் சொன்னா போதுமான்னு. வேணும்னு எழுதுங்க. நல்லவர் மாதிரி வேண்டாம்னு எழுதினா சாட்சியை கேள்வி கேக்கற வாய்ப்பு உங்க கையை விட்டுப் போயிடும். விசாரணையில அவங்க சாட்சியை நீங்க குறுக்கு விசாரணை பண்ணலாம், உங்க சாட்சியைக் கூப்பிடலாம், தினமும் நடந்ததோட நகலை வாங்கிட்டு வாங்க. படிக்காம கையெழுத்துப் போடக்கூடாது, நீங்க சொல்லாததை எழுதியிருந்தா கையெழுத்துக்கு மேல அதைக் குறிச்சுட்டுப் போடுங்க. வக்கீல் வெச்சுக்க பொதுவா விட மாட்டாங்க, ஆனா அவங்க பக்கம் சட்டம் தெரிஞ்ச ஆளை நிறுத்தினா நீங்களும் வக்கீல் கேக்கலாம், 1982-ல நட்கர்ணி வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது.

விசாரணை அதிகாரி அறிக்கை கொடுத்த உடனே தண்டனை போட முடியாது. அறிக்கை நகலை உங்களுக்குக் கொடுத்து அது மேல உங்க கருத்தைக் கேக்கணும், 1990-ல ரம்ஜான் கான் வழக்கும் 1993-ல கருணாகர் வழக்கும் இதை உறுதி பண்ணிடுச்சு. இதுதான் உங்களோட கடைசி நல்ல வாய்ப்பு, ஆனா ரொம்ப பேர் அதுக்குள்ள சலிச்சுப் போய் நாலு வரி எழுதிக் கொடுத்துடறாங்க. சாட்சி யார் என்ன சொன்னார், அறிக்கையில அது எப்படி விட்டுப்போச்சுன்னு பக்கம் பக்கமா இங்க தான் எழுதணும்.

சஸ்பென்ஷன்

17(ஈ) கீழ வரும். இது தண்டனை இல்லைன்னு சட்டம் சொல்லும், அனுபவிக்கறவங்களுக்குத் தெரியும். போலீஸ் காவல்ல 48 மணி நேரத்துக்கு மேல இருந்தாலே சஸ்பெண்ட் ஆனதா வெச்சுக்குவாங்க. பிழைப்பூதியம் உண்டு, ஆரம்பத்துல அரைச் சம்பளக் கணக்கு, உங்க தப்பு இல்லாம விசாரணை இழுத்துக்கிட்டே போனா கூடும். அதுக்கு மாசாமாசம் வேற எங்கயும் வேலை பாக்கலைன்னு சான்று கொடுக்கணும், கொடுக்க மறந்துட்டு பணம் வரலைன்னு புலம்பறவங்க உண்டு. இந்தப் பணம் பிச்சை இல்ல. மகாராஷ்டிராவுல தண்டனை பெற்று அப்பீல்ல இருக்கற ஊழியருக்கு மாசம் ஒரு ரூபாய்னு விதி வெச்சிருந்தாங்க, 1983-ல சுப்ரீம் கோர்ட் அதைக் குப்பையில போட்டுச்சு. பிழைப்பூதியம் கொடுக்காம நடத்தற விசாரணையும் நிக்காது, 1999-ல பால் ஆண்டனி வழக்குல அது தெளிவாச்சு.

2015-ல அஜய் குமார் சௌத்ரி வழக்குல, மூணு மாசத்துக்குள்ள சார்ஜ் மெமோ கொடுக்கலைன்னா சஸ்பென்ஷன் அதுக்கு மேல போகக்கூடாதுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு 91-வது நாள் நேரா போய் அட்டெண்டன்ஸ்ல கையெழுத்துப் போட முடியாது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு மறுபரிசீலனை பண்ணுங்கன்னு மனு கொடுக்கணும், பதில் வரலைன்னா கோர்ட், அங்க வழக்கோட தன்மையைப் பாத்து முடிவு பண்ணுவாங்க. சஸ்பென்ஷன்ல இருக்கறப்போ அனுமதி இல்லாம தலைமையிடத்தை விட்டுப் போகாதீங்க, மாமனார் ஊருக்கா இருந்தாலும் ஒரு லெட்டர்.

ப்ரோபேஷன்ல இருக்கறவங்களுக்கு

பெரும்பாலும் ரெண்டு வருஷம். இந்தக் காலத்துல திருப்தி இல்லைன்னு எளிமையா ஒரு உத்தரவு போட்டு அனுப்ப முடியும். ஆனா ஏதோ குற்றம் பண்ணார்ங்கறது தான் அந்த உத்தரவுக்கு அடித்தளம்னா, விசாரணை இல்லாம அனுப்ப முடியாது, 1957-ல திங்ரா வழக்கும் 1974-ல ஷம்ஷேர் சிங் வழக்கும் அதுக்கு ஆதாரம். அதனால ப்ரோபேஷன்ல வர்ற ஒவ்வொரு சின்ன மெமோவுக்கும் பதில் கொடுத்து வெச்சிருங்க, பதில் இல்லாத மெமோ தான் "திருப்தி இல்லை"ங்கற பைல்ல போய்ச் சேரும். முடிஞ்ச உடனே ப்ரோபேஷன் டிக்ளேர் பண்ணின ஆர்டரைக் கேட்டு வாங்குங்க, தானா வரும்னு உக்காந்திருக்காதீங்க. எஸ்ஆரை வருஷத்துக்கு ஒருதடவையாவது பாருங்க, காட்ட மறுத்தா தகவல் உரிமைச் சட்டத்துல பத்து ரூபாய் கட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் வரணும்.

பெண்களுக்கு ஒண்ணு தனியா. 10 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பாக்கற ஒவ்வொரு ஆபீஸ்லயும் 2013-ல வந்த பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்கணும், தலைவர் பெண், பாதிக்குக் குறையாம பெண்கள், வெளியாள் ஒருத்தர். போர்டுல யார் பேர் இருக்குன்னு ஜாயின் பண்ணின உடனே பாருங்க, போர்டே இல்லைன்னா அதையும் எழுத்துல கேளுங்க. மூணு மாசத்துக்குள்ள புகார் கொடுக்கணும், காரணம் இருந்தா இன்னொரு மூணு மாசம் நீட்டலாம், புகார்ல தொல்லை கொடுத்தவர் மாவட்ட அதிகாரியே ஆனாலும் மாவட்ட அளவுல உள்ளூர் குழு இருக்கு. அங்க கொடுத்தா உரிய வழியைத் தாண்டிட்டீங்கன்னு யாரும் நடவடிக்கை எடுக்க முடியாது.

தண்டனை வந்த பிறகு

முதல்ல அப்பீல். ஆர்டர் கைக்கு வந்த தேதியில இருந்து காலக்கெடு ஓடும், விதிப் புத்தகத்தை எடுத்து அந்த நாளைக் காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சுடுங்க, தாமதமானா அதுக்கு வேற தனியா காரணம் எழுதிக்கிட்டு அலையணும். அப்பீல்ல ரெண்டு விஷயத்தை எழுதுங்க: நடைமுறையில எங்க தப்பு, தண்டனை குற்றத்துக்கு எவ்ளோ அதிகம். இந்த ரெண்டும் தான் பின்னாடி ஹைகோர்ட்லயும் ஓடற குதிரை. ஆதாரத்தை மறுபடி முழுசா எடை போட மாட்டோம்னு 1995-ல சதுர்வேதி வழக்குலயே சொல்லிட்டாங்க, தண்டனை மனசாட்சியை உலுக்கற மாதிரி இருந்தா மட்டும் தலையிடுவாங்க.

தமிழ்நாட்டுல முன்னாடி நிர்வாகத் தீர்ப்பாயம்னு ஒண்ணு இருந்துச்சு, அதைக் கலைச்சுட்டாங்க, இப்போ மாநில அரசு ஊழியர் நேரா ஹைகோர்ட்ல 226-வது பிரிவுல ரிட் போடணும். தெற்கு மாவட்டம்னா மதுரை பெஞ்ச், மத்தவங்க சென்னை. மத்திய அரசு ஊழியர்னா முதல்ல சிஏடி, அதாவது மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம். சார்ஜ் மெமோ வந்த உடனே அதை ரத்து பண்ணுங்கன்னு ஓடாதீங்க, மெமோ கொடுக்க அதிகாரமே இல்லாதவர் கொடுத்திருந்தாலோ, படிச்சுப் பாத்தா குற்றமே இல்லைன்னு தெரிஞ்சாலோ தவிர, போய் விசாரணையைச் சந்திச்சுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. வக்கீலைப் பாக்கப் போறப்போ மெமோ, நீங்க கேட்ட லெட்டர், சீல் போட்ட நகல், விசாரணை நகல், அறிக்கை, ஆர்டர், அப்பீல் எல்லாத்தையும் தேதி வரிசையா அடுக்கி ஒரு பைல், அதுக்கு ரெண்டு ஜெராக்ஸ் செட். சர்வீஸ் வழக்கு பாக்கற வக்கீலா தேடுங்க, ஊர்ல நிலத் தகராறு பாக்கறவர் எவ்ளோ தெரிஞ்சவரா இருந்தாலும் இதுக்கு வேண்டாம்.